மாசிக்காயும் விளக்குக் கரியும்: பழைய எழுத்து மைகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டில் மை காய்ச்சிப் பார்க்கத் தொடங்கியதிலிருந்து நண்பர்களும் உறவினர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். சில பதில்கள் நீளமாக இருக்கும். எனக்கு மிகவும் பிடித்த பகுதிகள் அவை.

பழைய மைகளில் எத்தனை வகை உண்டு?

முக்கியமானவை இரண்டு. ஒன்று கரி மை: புகைக்கரியைப் பிசின் தண்ணீரில் குழைத்தது. இன்னொன்று இரும்பு மை: மாசிக்காய் போன்ற துவர்ப்பான காய் ஊறிய நீரில் அன்னபேதி என்ற இரும்பு உப்பைப் போட்டுக் கறுக்கவைத்தது. பார்வைக்கு இரண்டும் கறுப்புதான். ஆனால் கரி மை தாளின் மேலே உட்கார்ந்திருக்கும். இரும்பு மை தாளின் நாருக்குள் இறங்கி, அங்கே போய்த்தான் கறுக்கும். கீழே வரும் பதில்களில் பாதி இந்த ஒரு வித்தியாசத்திலிருந்து பிறந்தவை.

செம்மண்ணில் செய்த சிவப்பு மை, கணவாய் மீன் கக்கும் கருநீரில் செய்த பழுப்பு மை என்று இன்னும் சில உண்டு. எழுத்து வேலையின் பெரும்பகுதியைச் செய்தவை முதல் இரண்டும்தான்.

கரி மை எவ்வளவு பழையது?

எகிப்தில் செங்கடல் கரையில் வாடி அல் ஜர்ஃப் என்ற இடத்தில் 2013இல் சில பாப்பிரஸ் சுருள்கள் (கோரைத் தண்டிலிருந்து செய்த எழுதுதாள்) கிடைத்தன. கூஃபு மன்னரின் காலத்தவை. அதாவது கீசாவின் பெரிய பிரமிடு கட்டப்பட்டுக்கொண்டிருந்தபோது, அதற்குக் கல் ஏற்றிப்போன ஒரு குழுவின் தலைவர் வைத்திருந்த நாட்குறிப்பு அதில் இருக்கிறது. சுமார் 4,500 ஆண்டுகளுக்கு முன் எழுதியது. கறுப்பும் சிவப்பும் இன்றும் தெளிவாகத் தெரிகின்றன.

கரி மை இப்படி நிலைப்பதற்குக் காரணம் எளியது. கரி என்பது கார்பன். வெயில் அதை வெளுக்கவைக்காது, காற்று அதை மாற்றாது, சாதாரண அமிலமோ காரமோ அதைத் தொடாது. சாதாரண வெப்பநிலையில் அது எதனோடும் எளிதில் வினைபுரியாது.

ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் புகைக்கரி சேகரிக்கும் அறையை விவரித்திருக்கிறார். அடுப்பில் மரப்பிசினை எரித்து, அந்தப் புகையை வழவழப்பான சுவர்கள் கொண்ட அறைக்குள் விட்டு, சுவரில் படிந்த கரியைச் சுரண்டி எடுத்துப் பிசினோடு சேர்ப்பார்கள். ரோமானிய எழுத்தாளர் பிளினி இன்னொரு செய்தி தருகிறார். மாசிபத்திரி இனத்தைச் சேர்ந்த கசப்பான ஒரு செடியின் சாற்றை மையில் கலந்தால், எழுதியதை எலி கடிக்காதாம்.

கரியைத் தண்ணீரில் கரைத்தாலே போதாதா? பிசின் எதற்கு?

கரைத்துப் பாருங்கள். கரி தண்ணீரோடு சேரவே சேராது. மேலே மிதக்கும், கட்டி கட்டியாக ஒட்டிக்கொள்ளும், கொஞ்ச நேரத்தில் அடியில் போய்ப் படியும். பிசினின் நீண்ட சர்க்கரைச் சங்கிலிகள் ஒவ்வொரு கரித்துகளையும் சுற்றி ஒட்டிக்கொள்கின்றன. அவற்றுக்குத் தண்ணீரும் பிடிக்கும், கரியும் பிடிக்கும். அதனால் துகள்கள் ஒன்றோடொன்று சேராமல் தனித்தனியாக மிதக்கின்றன. எழுதிக் காய்ந்த பிறகு அதே பிசின் கரியைத் தாளோடு ஒட்டிவைக்கிறது.

விறகுக் கரியை இடித்தால் இந்த மை வராது. என்ன இடித்தாலும் அதன் துகள் பெரிதாகவே இருக்கும். விளக்குச் சுடரின் மேலே மண்சட்டியைக் கவிழ்த்துப் பிடிக்கிற கரிதான் வேண்டும். கண்மைக்குக் கரி பிடிப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல.

ஒரே குறை, தண்ணீர். பிசின் கரைந்தால் எழுத்தும் போய்விடும். எகிப்தியரும் ரோமானியரும் ஈரப் பஞ்சால் பாப்பிரஸைத் துடைத்து மறுபடி எழுதினார்கள். கடையில் கிடைக்கும் இந்தியன் இங்க் தண்ணீருக்குக் கரையாமல் இருப்பது, அதில் பிசினோடு அரக்கையும் சேர்ப்பதால்.

சீனாவில் மையைக் கட்டியாக ஏன் செய்தார்கள்?

அங்கே பிசினுக்குப் பதில் விலங்குத் தோலிலிருந்து காய்ச்சிய வச்சிரப் பசையைச் சேர்த்தார்கள். வச்சிரம் ஈரத்தோடு இருந்தால் அழுகி நாறும். அதனால் கரியோடு பிசைந்து, அச்சில் இட்டு, மாதக்கணக்கில் மெல்ல உலரவைத்துக் கட்டியாக்கினார்கள். வேண்டும்போது கல்லில் சில சொட்டுத் தண்ணீர் விட்டு, சந்தனம் இழைப்பதுபோல இழைத்துக்கொள்ளலாம். அன்ஹுய் மாகாணத்தின் ஹுய்சோ வட்டாரம் இதற்குப் பேர்போனது. ஜப்பானில் நாரா நகரத்தில் இன்றும் குளிர்காலத்தில்தான் மைக்கட்டி செய்கிறார்கள். வெயில் காலத்தில் வச்சிரம் கெட்டுவிடும்.

எந்தக் கரி என்பதிலும் நுட்பம் உண்டு. பைன் மரக்கரி லேசாக நீலம் பாய்ந்த கறுப்பு, எண்ணெய்க் கரி லேசாகப் பழுப்பு பாய்ந்த கறுப்பு. 11ஆம் நூற்றாண்டில் ஷென் குவோ என்ற அறிஞர் நிலத்திலிருந்து ஊறிய கல்லெண்ணெயை எரித்து அதன் கரியில் மை செய்தார். பைன் மரங்கள் வெட்டித் தீர்க்கப்படுவதைப் பார்த்துக் கவலைப்பட்டவர் அவர். பெட்ரோலியத்தால் காட்டைக் காப்பாற்றலாம் என்று அன்றைக்கே ஒருவர் நினைத்திருக்கிறார் என்பது என்னை நிறுத்தி யோசிக்கவைத்த செய்தி.

நம் ஓலைச்சுவடிகளில் மை இருக்கிறதா, இல்லையா?

இருக்கிறது. ஆனால் மையால் எழுதவில்லை.

தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் எழுத்தாணி ஓலையைக் கீறும். கீறிய உடனே பார்த்தால் எழுத்து அவ்வளவாகத் தெரியாது. ஓலையின் நிறத்திலேயே மெல்லிய பள்ளம் மட்டும் இருக்கும். அப்புறம் ஓலை முழுவதும் மையைப் பூசித் துடைப்பார்கள். வழவழப்பான மேல்தோலில் பட்டது துடைப்பில் போய்விடும். பள்ளத்துக்குள் இறங்கியது தங்கிவிடும். கறுப்பெழுத்து அப்படித்தான் தோன்றும். விளக்குக் கரி, மாவிலையைச் சுட்ட கரி, கோவையிலைச் சாறு, ஊமத்தையிலைச் சாறு, மஞ்சள் என்று இதற்குப் பல கலவைகள். மஞ்சள் பூச்சிக்கு ஆகாது, இலைச்சாறு கரியைப் பள்ளத்தில் பிடித்துவைக்கும். இந்தச் சடங்கை மையாடல் என்றார்கள். பிள்ளைக்கு முதல்முதலில் ஏடு கொடுத்து எழுத்தறிவிக்கும் நாளுக்கும் இதே பெயர் இருந்தது. ஏட்டுக்கு மஞ்சள் பூசி மையிட்டுக் கையில் கொடுப்பது, குழந்தையைக் குளிப்பாட்டிப் பொட்டிடுவது போலவே நடந்திருக்கிறது.

இதில் வேதியியலைவிட இயந்திர நுட்பமே அதிகம். எழுத்து இருப்பது பள்ளத்தில், கரியில் அல்ல. கரி முழுவதும் உதிர்ந்துபோனாலும் எழுத்து அழியாது. இன்றைக்கும் சுவடிக் காப்பகங்களில் மங்கிய ஏட்டை எடுத்து, எலுமிச்சைப்புல் எண்ணெயில் விளக்குக் கரியைக் குழைத்துப் பூசித் துடைக்கிறார்கள். 200 ஆண்டுக்கு முந்தைய எழுத்து சில நிமிடங்களில் கறுப்பாக எழுந்து வரும். உலகத்தில் வேறெந்த மைக்கும் இப்படி மறுபிறவி இவ்வளவு எளிதாக வாய்க்கவில்லை என்றே நினைக்கிறேன். எண்ணெய் ஓலைக்கு நெகிழ்வையும் தரும், பூச்சியையும் விரட்டும்.

வட இந்தியாவிலும் நேபாளத்திலும் பழைய ஓலைகளில் நாணல் பேனாவைக் கரி மையில் தொட்டு நேரடியாக எழுதினார்கள். அந்த ஓலைகளைத் துடைத்தால் எழுத்தும் துடைபட்டுவிடும். இரண்டையும் ஒன்றென நினைத்து எண்ணெய்ப் பஞ்சை எடுத்துவிடக் கூடாது.

சரி, இரும்பு மைக்கு வருவோம். மாசிக்காய் என்பது காயா?

காயே இல்லை. ஓக் மரத்தின் கிளை மொட்டில் ஒரு சின்னஞ்சிறு குளவி முட்டையிடும். முட்டையிலிருந்து வரும் புழுவைச் சுற்றி மரம் வீங்கி, உருண்டையாக ஒரு கூடு கட்டிக்கொடுக்கிறது. அதுதான் மாசிக்காய். தன்னைத் தின்ன வந்ததைச் சுற்றி மரம் சேர்த்துவைக்கும் துவர்ப்பு டானின் எனப்படும் பொருள். நல்ல மாசிக்காயின் எடையில் பாதிக்கு மேல் டானின்தான். குளவி வளர்ந்து ஓட்டை போட்டு வெளியேறும் முன்பே பறித்தது உயர்ந்தது, ஓட்டை விழுந்தது மட்டம். ஐரோப்பா முழுவதும் சிரியாவின் அலெப்போவிலிருந்து வந்த மாசிக்காயைத்தான் முதல்தரம் என்று வாங்கினார்கள்.

நமக்கு இது கைக்குழந்தைகளின் உரை மருந்துப் பொருள். நாட்டு மருந்துக் கடையில் நான் முதல்முறை கால் கிலோ கேட்டபோது கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். "கொழந்தைக்கா தம்பி? ஒண்ணு ரெண்டு போதுமே." "இல்ல அண்ணாச்சி, மை காய்ச்ச." அவர் மறுபேச்சுப் பேசாமல் உள்ளே போய் அன்னபேதியையும் எடுத்து வந்து பக்கத்தில் வைத்தார். "அப்ப இதுவும் வேணும்ல?" அவருடைய தாத்தா காலத்தில் கணக்குப்பிள்ளைகள் இரண்டையும் சேர்த்தே வாங்கிப்போவார்களாம். ஐரோப்பாவின் பழைய நூலகங்களை நிரப்பிய மையின் மூன்று பொருள்களும், அதாவது மாசிக்காய், அன்னபேதி, வேலம்பிசின், நம் ஊர்க் கடையின் ஒரே அலமாரியில் இருக்கின்றன.

அந்த மூன்றும் சேர்ந்தால் என்ன நடக்கிறது?

மாசிக்காயின் டானின், ஒரு சர்க்கரை மூலக்கூறைச் சுற்றிக் காலிக் அமிலத் துண்டுகள் ஒட்டிக்கொண்ட அமைப்பு. தண்ணீரில் ஊறும்போது, முக்கியமாக அதன்மேல் பூசணம் பூக்கும்போது, அந்தத் துண்டுகள் கழன்று தனிக் காலிக் அமிலமாகின்றன. 1786இல் ஸ்வீடன் வேதியியலர் ஷேலே மாசிக்காய்ச் சாற்றிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார்.

அன்னபேதி என்பது ஃபெரஸ் சல்பேட், இளம்பச்சைப் படிகம். காலிக் அமில வளையத்தில் அடுத்தடுத்து மூன்று கைகள் நீட்டிக்கொண்டிருக்கும். அவை இரும்பை இடுக்கிபோலப் பிடிக்கின்றன. இந்த நிலையில் அது தண்ணீரில் கரையும், நிறமும் வெளிறியே இருக்கும். எழுதிய பிறகு காற்றிலுள்ள ஆக்சிஜன் ஃபெரஸ் இரும்பை ஃபெரிக் இரும்பாக மாற்றுகிறது. அப்போது உருவாகும் சேர்மம் கண்ணுக்குத் தெரியும் ஒளியை ஏறக்குறைய முழுவதும் விழுங்கும், அதனால் கருங்கறுப்பு. தண்ணீரிலும் கரையாது. அதற்குள் திரவம் தாளின் நாருக்குள் இறங்கியிருக்கும் என்பதால், கறுப்பு அங்கேயே மாட்டிக்கொள்கிறது. பிசின் திரவத்துக்குக் கொஞ்சம் கெட்டித்தன்மை தந்து, பேனாவிலிருந்து குபுக்கென்று கொட்டாமல் பார்த்துக்கொள்ளும். உருவான கறுப்பு புட்டியின் அடியில் படியாமலும் வைத்திருக்கும்.

இதற்கு ஆய்வகம் தேவையில்லை. நெல்லிக்காயை இரும்புச் சட்டியில் ஊறவைத்துப் பாருங்கள். வாழைப்பூ நறுக்கிய அரிவாள்மனையைப் பாருங்கள். துவர்ப்பும் இரும்பும் சந்திக்கும் இடத்தில் எல்லாம் மை பிறக்கிறது.

எழுதும்போது வெளிறித் தெரிந்து மறுநாள் கறுப்பது இதனால்தானா?

ஆமாம். எழுதுபவருக்கு அது தொல்லையும்கூட, எழுதியதே கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. அதனால் முன்காலத்தில் மையைச் சில நாள் காற்றுப்படத் திறந்துவைத்துக் கொஞ்சம் கறுத்த பிறகே எழுதினார்கள். ஆனால் புட்டிக்குள்ளேயே கறுத்தது தாளுக்குள் இறங்காது, அடியில் வண்டலாகத் தங்கும்.

இதற்கு நல்ல விடை 19ஆம் நூற்றாண்டில் வந்தது. லண்டனில் ஹென்றி ஸ்டீஃபன்ஸ் என்ற மருத்துவர் 1832இல் நீலக்கறுப்பு மையைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். மாணவராக இருந்தபோது கவிஞர் கீட்ஸோடு ஒரே அறையில் தங்கியவர் அவர். இந்த வகை மையில் அவுரி நீலத்தைக் கலந்தார்கள். எழுதும்போது நீலம், காய்ந்தபின் கறுப்பு. மைப்புட்டி அட்டையில் நாம் பார்க்கும் புளூ பிளாக் என்ற பெயருக்கு மூலம் இதுதான். இன்று அந்தப் பெயரில் விற்பவற்றில் பெரும்பாலானவை வெறும் சாயம். பிளாட்டினம் நிறுவனத்தின் புளூ பிளாக் போன்ற சிலவற்றில் இன்றும் இரும்பு உண்டு.

இரும்பு மையை முதலில் கண்டுபிடித்தது யார்?

ஒருவர் பெயரைச் சொல்ல முடியாது. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் பைசாந்தியத்தின் ஃபிலோ என்ற கிரேக்கப் பொறியாளர் ஒரு ரகசிய மையை விவரிக்கிறார்: மாசிக்காய்ச் சாற்றால் எழுதினால் தெரியாது, பிறகு உலோக உப்பு கரைந்த நீரைத் தடவினால் தெரியும். செம்பு உப்பில் இரும்பு உப்பைக் கலப்படம் செய்திருக்கிறார்களா என்று அறிய, மாசிக்காய்ச் சாற்றில் நனைத்த பாப்பிரஸை அதில் வைத்துப் பார்க்கச் சொல்கிறார் பிளினி. கறுத்தால் கலப்படம். வினை தெரிந்திருந்தது, அதை மையாக்கும் வழக்கம் பிறகுதான் பரவியது.

பாப்பிரஸ் போய் விலங்குத் தோல் ஏடு வந்ததும் அதற்கு ஒரு காரணம். வழவழப்பான தோலில் கரி மை சரியாகப் பிடிக்காமல் உரிந்துவிடும். இரும்பு மை கடித்துக்கொண்டு நிற்கும். 4ஆம் நூற்றாண்டின் சினாய் விவிலியச் சுவடி, இங்கிலாந்தின் 1215ஆம் ஆண்டு உரிமைச் சாசனமான மாக்னா கார்ட்டா எல்லாம் இதே மையில் எழுதியவை. அரபு எழுத்தர்கள் கரி மையை மிதாத் என்றும் மாசிக்காய் மையை ஹிப்ர் என்றும் வேறுபடுத்தினார்கள். மைக்கூட்டுக்குள் பட்டுநூல் கொத்து ஒன்றைப் போட்டுவைப்பது அவர்கள் வழக்கம். நாணல் பேனா அடியில் இடித்து நுனி கெடாது, மையும் அளவாக ஏறும்.

தாத்தா கடுக்காய் மை என்று சொல்வார். அதுவும் இதுவும் ஒன்றா?

வேதியியலில் ஒன்றேதான். கடுக்காயிலும் டானின் நிறைய இருக்கிறது. அன்னபேதியோடு சேர்த்தால் நல்ல கறுப்பு. ஓக் மரம் நம் சமவெளியில் இல்லை, கடுக்காய் மரம் நம் மலைகளில் உண்டு. அசாமில் சாஞ்சி மரப்பட்டையில் எழுதிய ஏடுகளுக்கான மஹி மையிலும் முக்கியப் பொருள் இதே கடுக்காய்தான். அங்கே அதன் பெயர் சிலிகா. மாட்டின் சிறுநீரில் ஊறவைத்துச் செய்வார்கள்.

இன்னொரு உறவையும் சொல்லியாக வேண்டும். தஞ்சை வட்டாரத்தில் கருப்பூர், சிக்கல்நாயக்கன்பேட்டை ஊர்களில் கலம்காரித் துணி எழுதுகிறார்களே, அவர்கள் துணியை முதலில் கடுக்காய் நீரில் ஊறவைத்துக் காயவைப்பார்கள். துருப்பிடித்த இரும்புத் துண்டுகளையும் வெல்லத்தையும் தண்ணீரில் பல நாள் புளிக்கவைத்த நீரைப் பேனாவில் தொட்டு அந்தத் துணியில் இழுப்பார்கள். பட்ட மாத்திரத்தில் கோடு கறுக்கும். மை பேனாவில் இல்லை, துணியில்தான் உண்டாகிறது. பாரசீக மொழியில் கலம் என்றாலே பேனா. இரும்பு மையின் ரகசியத்தை யாருக்காவது ஒரு நிமிடத்தில் விளக்க வேண்டும் என்றால் நான் இதைத்தான் காட்டுவேன்.

பழைய ஆவணங்களில் எழுத்து பழுப்பாகி, சில இடத்தில் தாளே ஓட்டையாகியிருக்கிறதே?

அங்கே மை தாளைத் தின்றிருக்கிறது.

இரண்டு காரணங்கள். இரும்பும் காலிக் அமிலமும் சேரும்போது அன்னபேதியில் இருந்த சல்பேட் சும்மா போவதில்லை. கந்தக அமிலமாகத் தாளிலேயே தங்கி, தாளின் செல்லுலோஸ் சங்கிலிகளை வெட்டுகிறது. அடுத்தது, மிச்சப்பட்ட இரும்பு. டானினுக்குத் தேவையானதைவிட அன்னபேதி அதிகமாகப் போட்டிருந்தால், பிணைப்பில்லாத ஃபெரஸ் இரும்பு காற்றோடும் ஈரத்தோடும் சேர்ந்து மிகவும் மூர்க்கமான ஆக்சிஜன் துணுக்குகளை உண்டாக்கிக்கொண்டே இருக்கும். இரும்பு இதில் செலவாகிவிடுவதில்லை, நூற்றாண்டுக்கணக்கில் வேலையைத் தொடரும். முதலில் எழுத்தைச் சுற்றிப் பழுப்பு வட்டம், அடுத்து வெடிப்பு, கடைசியில் எழுத்தின் வடிவத்திலேயே ஓட்டை. இசைமேதை பாஃக் தன் கையால் எழுதிய இசைத்தாள்கள் இப்படிச் சிதைந்து, பெர்லின் அரசு நூலகம் அவற்றை மீட்கப் பெரும்பாடு பட்டது. தோல் ஏடுகள் இவ்வளவு பாதிக்கப்படவில்லை. தோலைப் பதப்படுத்தும்போது சேர்த்த சுண்ணாம்பு அமிலத்தை முறித்துவிடும்.

அளவுதான் எல்லாம் என்பதை 1763லேயே ஆங்கிலேய வேதியியலர் வில்லியம் லூயிஸ் கண்டறிந்தார். மாசிக்காய் 3 பங்கு, அன்னபேதி 1 பங்கு என்பது அவர் சொன்ன அளவு. அன்னபேதி மிஞ்சினால் எழுத்து பழுப்பாகும் என்று எழுதினார். ஆனால் மாசிக்காய் விலை அதிகம், அன்னபேதி மலிவு. பல செய்முறைகளில் அன்னபேதி அளவுக்கு மேல் இருந்ததன் பலனை இப்போது காப்பகங்கள் அனுபவிக்கின்றன.

நம் பக்கத்திலும் இது உண்டு. சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்திலும் கொழும்பு தேசிய ஆவணக் காப்பகத்திலும் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆவணங்கள் இருக்கின்றன. 2003இல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பதிவேட்டில் அவை இடம்பெற்றன. ஐரோப்பிய எழுத்தர்கள் எழுதியது இந்த இரும்பு மையில். கடலோர ஊரின் ஈரப்பதம் இந்த மைக்குத் தீனி போடுகிறது.

காப்பாற்ற வழி இல்லையா?

இருக்கிறது, அதுவும் தவிட்டில். தானியத் தவிட்டில் ஃபைட்டிக் அமிலம் என்று ஒன்று இருக்கிறது. இரும்பைக் கண்டால் விடாது. தவிடு நிறைந்த உணவில் இரும்புச்சத்து உடம்பில் சேர்வது குறைவு என்கிறார்களே, அதற்குக் காரணமான அதே பொருள். 1990களில் நெதர்லாந்தில் யோஹான் நேவல் என்ற ஆய்வாளர் இதன் கால்சியம் உப்புக் கரைசலில் தாளை ஊறவைத்தார். மிச்சப்பட்ட இரும்பு கட்டுப்பட்டது. அடுத்துக் கால்சியம் பைகார்பனேட் கரைசல், அமிலத்தை முறிக்க. இன்று பல நாடுகளில் இந்த முறைதான் நடப்பில் இருக்கிறது. பயிற்சி பெற்றவர்கள் செய்ய வேண்டிய வேலை இது.

மங்கிப்போன, சுரண்டப்பட்ட எழுத்தை மறுபடி படிக்க முடியுமா?

எந்த மை என்பதைப் பொறுத்தது.

10ஆம் நூற்றாண்டில் ஆர்க்கிமிடீஸின் நூல்களைத் தோல் ஏட்டில் இரும்பு மையால் பிரதி செய்தார்கள். 1229இல் ஒருவர் அதைச் சுரண்டி மேலே வழிபாட்டு நூல் எழுதிவிட்டார். அதற்கும் மேலே பிற்காலத்தில் போலி ஓவியங்கள் வேறு. 2005இல் ஸ்டான்ஃபோர்டில் அந்த ஏட்டின் மேல் நுண்ணிய எக்ஸ்ரே கற்றையை ஓட்டினார்கள். கறுப்பு போயிருந்தாலும் தோலுக்குள் இறங்கிய இரும்பு போகவில்லை. இரும்பு இருந்த இடமெல்லாம் ஒளிர, ஆர்க்கிமிடீஸ் வெளியே வந்தார்.

இப்போது எதிர்ப்பக்கம். கி.பி. 79இல் வெசுவியஸ் எரிமலை ஹெர்குலேனியம் நகரத்தின் நூலகத்தைக் கரியாக்கியது. சுருள்கள் எரிந்த கட்டைபோல இருக்கின்றன, விரித்தால் நொறுங்கும். எழுதியது பெரும்பாலும் கரி மையில். கரியான பாப்பிரஸில் கரி எழுத்து, எக்ஸ்ரேக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். மை படிந்த இடத்தில் மேற்பரப்பு மிக லேசாக மாறியிருப்பதைக் கணினிக்குப் பழக்கிப் பழக்கி, 2023இல்தான் சுருளை விரிக்காமலே முதல் சொல்லைப் படித்தார்கள். அது ஊதா என்று பொருள்படும் கிரேக்கச் சொல்.

19ஆம் நூற்றாண்டு நூலகர்கள் செய்த ஒன்றை மட்டும் யாரும் செய்ய வேண்டாம். மங்கிய இரும்பு மையின்மேல் மாசிக்காய்ச் சாற்றைத் தடவினார்கள். இரும்போடு சேர்ந்து எழுத்து கறுத்தது, படித்தார்கள். சில ஆண்டுகளில் பக்கம் முழுவதுமே கறுத்துப்போயிற்று.

வீட்டில் செய்து பார்க்கலாமா? அளவு என்ன?

தாராளமாக. 16ஆம் நூற்றாண்டு ஆங்கிலச் செய்யுள் ஒன்று ஒரு குவார்ட் (ஏறக்குறைய ஒரு லிட்டர்) ஒயினுக்கு மாசிக்காய் 5 அவுன்ஸ், அன்னபேதி 3, பிசின் 2 என்று சொல்கிறது. ஒயின் இல்லையென்றால் மழைத்தண்ணீர், எவ்வளவு நாள் வைக்கிறோமோ அவ்வளவு நல்லது என்றும் சேர்க்கிறது. நான் லூயிஸ் பக்கம் நின்று அன்னபேதியைக் குறைத்துக்கொள்கிறேன். 350 மில்லி மழைத்தண்ணீர் அல்லது வடிநீர், மாசிக்காய் 50 கிராம், அன்னபேதி 17 கிராம், வேலம்பிசின் 15 முதல் 20 கிராம்.

மாசிக்காயை அம்மியில் ஒன்றிரண்டாக உடைத்துக் கண்ணாடிப் பாத்திரத்தில் ஒரு வாரம் ஊறவிடுங்கள். இரும்புப் பாத்திரம் கூடாது. மேலே பூசணம் பூத்தால் பயப்பட வேண்டாம், டானினை உடைக்கும் வேலையை அது செய்கிறது. துணியில் வடிகட்டி அன்னபேதியைப் போட்டதும் கண்ணெதிரே இருளும். பிசினைத் தனியே ஊறவைத்துக் கலக்குங்கள். இரண்டு கிராம்பைப் போட்டுவைத்தால் பிறகு பூசணம் வராது. அன்னபேதி வாங்கும்போது பச்சையாக இருக்கிறதா என்று பாருங்கள். மஞ்சள், பழுப்பு ஏறியிருந்தால் கடையிலேயே காற்றுப்பட்டுக் கெட்டது. குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். அன்னபேதியை விழுங்கினால் இரும்பு நச்சாகும்.

அதை ஃபவுண்டன் பேனாவில் ஊற்றலாமா?

வேண்டாம். பிசின் அடைக்கும், அமிலம் எஃகு நிப்பை அரிக்கும், கறுப்பு உள்ளேயே படியும். தொட்டு எழுதும் கட்டைப் பேனா, நாணல், இறகு இவற்றுக்கு மட்டும். கரி மைக்கும் இதேதான்.

சிவப்பு மை?

எகிப்தியர் காவிக்கல்லைப் பிசினில் குழைத்துத் தலைப்புகளை எழுதினார்கள். காவியும் இரும்புதான், ஆனால் ஏற்கெனவே துருவாகி முடிந்த இரும்பு. அதனால் நிறமும் மாறாது, தாளையும் தின்னாது.

தேர்தலில் விரலில் வைக்கும் மையும் இதே வகையா?

இல்லை. அதில் இருப்பது வெள்ளி நைட்ரேட். தோலின் உப்போடு சேர்ந்து, வெளிச்சம் பட்டு, நுண்ணிய வெள்ளியாகக் கறுக்கிறது. 1962 பொதுத் தேர்தலிலிருந்து புழக்கத்தில் இருக்கிறது, மைசூரில் தயாராகிறது. தொட்ட இடத்துக்குள்ளேயே போய்க் கறுப்பதில் மட்டும் இரும்பு மைக்கு உறவு.

சட்டையில் இரும்பு மை கொட்டிவிட்டது.

சோப்பு போடாதீர்கள், காரம் கறையை இறுக்கும். எலுமிச்சைச் சாறு, உப்பு, கொஞ்ச நேரம் வெயில். எலுமிச்சையின் அமிலம் இரும்பைப் பிடித்துக் கரைத்துக்கொண்டு வரும். கரி மை கொட்டியிருந்தால் உடனே நிறையத் தண்ணீரில் அலசுங்கள். காய்ந்தால் பிசின் கரைந்தாலும் கரி துணியின் நாரில் மாட்டிக்கொண்டு போகாது.

எங்கள் வீட்டில் தாத்தாவின் பழைய பத்திரம் இருக்கிறது. எந்த மை என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

தாளைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். எழுத்தின் சாயல் பழுப்பாக ஊடுருவித் தெரிந்தால் இரும்பு மை. முன்பக்கம் பளிச்சென்று கறுப்பாக, பின்பக்கம் சுத்தமாக இருந்தால் கரி மை. ஊதாவாகவோ நீலமாகவோ கசிந்திருந்தால் பிற்காலச் சாய மை. காப்பகங்களில் ஒரு சோதனைத் தாள் வைத்திருப்பார்கள். லேசாக ஈரப்படுத்தி எழுத்தின் ஓரத்தில் ஒரு நிமிடம்கூட வைக்காமல் எடுப்பார்கள், மிச்ச ஃபெரஸ் இரும்பு இருந்தால் தாள் சிவக்கும்.

இரும்பு மை என்று தெரிந்தால் எழுத்து இருக்கும் இடத்தில் மடிக்காதீர்கள், வெடிப்பது அங்கேதான். ஈரத் துணியால் துடைக்காதீர்கள். லேமினேட் செய்யவே கூடாது. சூடு, பிளாஸ்டிக், உள்ளே மாட்டிக்கொண்ட அமிலம் எல்லாம் சேர்ந்து தாளை முடித்துவிடும், பிறகு பிரிக்கவும் வராது. வெளிச்சம் இல்லாத, ஈரம் ஏறாத அலமாரியில், அமிலம் இல்லாத தாள் உறையில் தட்டையாக வையுங்கள். அதற்கு முன் பகல் வெளிச்சத்தில் இரண்டு பக்கத்தையும் தெளிவாகப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.